அமெரிக்காவில் போலீஸ் இருக்கும்போது ஷெரிஃப் எதற்கு? அது வெறும் அலங்காரப் பதவிதானே?

மெட்ராஸ் ஷெரிஃபை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1990களின் கடைசி வரை சென்னையில் அப்படி ஒருவர் இருந்தார். பிற்காலத்தில் அது ஊர்ப் பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் கௌரவமாக மட்டும் இருந்தது. அமெரிக்க ஷெரிஃப் அப்படி இல்லை. அவருடைய ஆட்கள் என் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

2008. சிகாகோ பக்கத்தில் ஷாம்பர்க்கில் வாடகைக்கு இருந்தோம். செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, என் கணவர் வேலைக்குப் போய்விட்டார். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண், அடுப்பில் இட்லி. கதவைத் திறந்தால் சீருடையில் இரண்டு பேர். ஷாம்பர்க்குக்குத் தனிப் போலீஸ் உண்டு, இவர்கள் அந்தப் போலீஸ் இல்லை. சிகாகோவும் ஷாம்பர்க்கும் இருக்கும் குக் கவுன்ட்டியின் (கவுன்ட்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் அலுவலகத்து டெபுடிகள், அதாவது ஷெரிஃபுக்குக் கீழே வேலை செய்யும் அதிகாரிகள். வீட்டைக் காலி செய்ய வைக்கக் கோர்ட் ஆணையோடு வந்திருந்தார்கள். அந்தக் கவுன்ட்டியில் அதை ஷெரிஃபின் ஆட்கள்தான் செய்ய முடியும்.

எங்கள் வீட்டுக்காரர் மாதா மாதம் ஒன்றாம் தேதி எங்களிடம் வாடகை வாங்கியிருக்கிறார், வங்கிக்குத் தவணை மட்டும் கட்டவே இல்லை. வீடு ஜப்திக்குப் போனதை எங்களிடம் மூச்சுவிடவில்லை.

கை நடுங்க லீஸையும் செக் அடிக்கட்டைகளையும் எடுத்துவந்து மேஜையில் வைத்தேன். வயதான டெபுடி ஆணையைப் பக்கத்தில் வைத்து, பெயர்களின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். ஆணையில் வீட்டுக்காரர் பெயர் மட்டும்தான் இருந்தது. வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். திரும்பி வந்து, இன்று எதுவும் செய்யப்போவதில்லை, உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள் என்றார். அவர்கள் போன பிறகுதான் இட்லிப் பானை தண்ணீர் வற்றித் தீய்ந்த வாடையே எனக்குத் தெரிந்தது.

அக்டோபர் 8 அன்று ஷெரிஃப் டாம் டார்ட், ஜப்தியான வீடுகளைக் காலி செய்ய வைக்கும் வேலையையே நிறுத்துவதாக அறிவித்தார். உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் வங்கிகள் ஆணை வாங்குகின்றன, ஒழுங்காக வாடகை கட்டுகிறவர்களைத் தெருவில் நிறுத்த முடியாது என்பது அவர் வாதம். வங்கிகளின் சங்கம் அவரைக் கண்டித்தது. குடியிருப்பவரை முதலில் உறுதி செய்ய வேண்டும் என்று ஏற்பாடானதும் வேலை மறுபடி தொடங்கியது. 2009இல் வந்த மத்திய சட்டம் இப்படிப்பட்ட வாடகைதாரர்களுக்கு 90 நாள் அவகாசம் தந்தது.

நகரப் போலீஸ் தலைவர் அப்படி மறுத்திருந்தால் மேயர் மறுநாளே மாற்றியிருக்கலாம். ஷெரிஃபை அப்படி மாற்ற முடியாது. பெரும்பாலான மாநிலங்களில் கவுன்ட்டி மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் அவர் வருகிறார், பல இடங்களில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை. இங்கிலாந்தில் 1066க்கு முன்பே இருந்த 'ஷயர் ரீவ்', அதாவது மாவட்ட அதிகாரி என்ற பெயர்தான் பேச்சில் தேய்ந்து ஷெரிஃப் ஆனது. அந்தக் கால ஷெரிஃப் ராஜாவின் ஆள், வரி வசூலிப்பவர். ஷெரிஃப் யாருடைய குதிரையையும் வண்டியையும் சொந்தக்காரர் சம்மதமில்லாமல் எடுக்கக் கூடாது என்று, ராஜாவின் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்ட 1215இன் மாக்னா கார்ட்டா சாசனத்திலேயே எழுத வேண்டியிருந்தது என்றால் அவர்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1634இல் வர்ஜீனியாவுக்கு வந்த அந்தப் பதவி, அமெரிக்காவில் மெல்ல மெல்ல மக்கள் கைக்கு மாறியது.

அதற்காக ஷெரிஃப் கோர்ட்டுக்கு மேலே என்று நான் சொல்லவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் இன்டர்நேஷனல் ஹோட்டலில் இருந்த ஏழை முதியவர்களைக் காலி செய்ய வைக்க மறுத்ததற்காக ஷெரிஃப் ரிச்சர்ட் ஹாங்கிஸ்டோ கோர்ட் அவமதிப்பில் ஐந்து நாள் சிறையில் இருந்தார். 1977 ஆகஸ்டில் அவரே போய் அதே ஆணையை நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

ஷெரிஃபைப் புகழ்கிறாயே, ஜெயில் யார் கையில் என்று யாராவது கேட்பீர்கள். தெரியும். கவுன்ட்டி ஜெயில், கோர்ட் பாதுகாப்பு, நகர எல்லைக்கு வெளியே ரோந்து எல்லாம் அவர் பொறுப்புதான். அதே 2008 ஜூலையில் குக் கவுன்ட்டி ஜெயிலின் நிலைமை அரசியல் சட்டத்துக்கே விரோதமானது என்று மத்திய அரசின் நீதி இலாகா அறிக்கை கொடுத்தது. அதை நான் மறைக்கவில்லை. எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த அக்டோபர் கடைசியில் தீபாவளி. வருடா வருடம் ஆளுக்கொரு பலகாரம் செய்து ஒன்றுகூடும் நம் ஆட்கள் அந்த வருடம் எங்களைக் கூப்பிடவில்லை. "அவங்க வீட்டுக்கு ஷெரிஃப் வந்துச்சாமே, என்ன பண்ணாங்களோ" என்று பேசிக்கொண்டார்களாம். ஒருத்தராவது என்னிடம் நேரில் கேட்டிருக்கலாம். ஒரு மாத வாடகை நாங்கள் பாக்கி வைத்ததில்லை. அந்த அடிக்கட்டைகள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன.