பறங்கிப்பட்டை எப்படி வந்தது?

கேள்வி: ஆயுர்வேதம் வேதத்தில் பிறந்து, 5,000 ஆண்டுகளாக ஓர் எழுத்தும் மாறாமல் வந்த மருத்துவம். அதன் மருந்துகளையும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதினீர்களே, இது நியாயமா?
– வாசகர் ஒருவர், மயிலாப்பூர்

பதில்: நியாயம்தான். நாட்டு மருந்துக் கடையில் பறங்கிப்பட்டை கேட்டு வாங்கியிருப்பீர்கள். பெயரிலேயே பறங்கியர் இருக்கிறார்கள், கவனித்தீர்களா? போர்ச்சுகீசியர் வந்த காலத்தில் பரவிய மேகநோய்க்குப் ‘பிரங்க ரோகம்’, அதாவது பறங்கியர் நோய் என்று பெயர் வைத்து, கடல் கடந்து வந்த இந்த வேரை அதற்கு மருந்தாக எழுதியவர் 16-ஆம் நூற்றாண்டின் ஆயுர்வேத ஆசிரியர் பாவமிசிரர். நாடி பார்ப்பதும் அப்படித்தான். ஆயுர்வேதத்தின் பழைய ஆசிரியர்களான சரகர், சுசுருதர் நூல்களில் அது கிடையாது. 1300-ஐ ஒட்டி எழுந்த சார்ங்கதரர் நூலில்தான் வருகிறது. மாறாமல் வந்தது எது, சொல்லுங்கள்?

வேதத்துக்கு வருவோம். அதர்வ வேதத்தில் காய்ச்சலை விரட்டும் மந்திரம் உண்டு, மூலிகையும் உண்டு. வாதம், பித்தம், கபம் என்று உடம்பைக் கணக்கிடும் முறை அங்கே இல்லை. அது நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள், தங்களுக்குள் வாதாடி உருவாக்கியது. சரக சம்ஹிதையே ஒருவர் கைப்பட வந்ததல்ல. அக்னிவேசர் எழுதியதைச் சரகர் திருத்தினார். விடுபட்டதைத் திருடபலர் நிரப்பினார்.

சுசுருதர் நூலைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும். பிணத்தைப் புல்லால் சுற்றிக் கூண்டில் வைத்து, ஓடும் நீரில் 7 இரவு ஊறவிடு. பிறகு தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தெடுத்து, உள்ளே இருப்பதை உன் கண்ணால் பார் என்கிறது அந்த நூல். கத்தி பிடிக்கச் சுரைக்காயிலும் வெள்ளரிக்காயிலும் பழகு, தையல் போடத் துணியில் பழகு என்கிறது. நூலில் படித்தது மட்டும் போதாது, கண்ணாலும் காண வேண்டும் என்று சொன்னவரின் பெயரைச் சொல்லி, சோதிக்காதே என்று எப்படிச் சொல்வது?

நம் ஊரிலேயே இதைப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். நாட்டு மருத்துவ முறைகளை ஆராய மதராஸ் அரசு அமைத்த உஸ்மான் குழுவின் அறிக்கைக்குப் பிறகு 1925-ல் கீழ்ப்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றையும் கற்பித்த அதே பள்ளியில் நவீன உடற்கூறும் பாடம். முதல் தலைவர் ஜி. சீனிவாசமூர்த்தி ஆங்கில மருத்துவம் படித்தவர்.

அப்புறம் ஒன்று. டப்பாவின் மேல் ‘5,000 ஆண்டு’ என்று அச்சிட்டிருப்பதை நம்பிப் பஸ்பம் வாங்காதீர்கள். ஈயமும் பாதரசமும் எவ்வளவு இருக்கின்றன, சோதித்த சான்று உண்டா என்று கேளுங்கள். சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு எந்தச் சூரணத்தையும் தொடங்க வேண்டாம். முதலில் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.