தண்ணீர் தெளிந்தது, குட்டை ஏன் பச்சையானது?

கேள்வி: செப்டிக் டேங்க் நீரை ஜல்லிப் படுகையில் விட்டு, அதில் கல்வாழை நட்டிருக்கிறோம். வீட்டில் ஐந்து பேர். வெளியேறும் நீர் தெளிவாக இருக்கிறது, நாற்றமும் இல்லை. ஆனால் அது போய்ச் சேரும் மீன்குட்டை பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. இன்னும் நெருக்கமாகச் செடி நட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. உங்கள் படுகையில் குறைவது செடி அல்ல, காற்று.

ஒரு கல்வாழையைக் கிழங்கோடு பிடுங்கிப் பாருங்கள். மேல் வேர்கள் வெளுத்திருக்கும். ஒரு சாண் கீழே ஜல்லி கறுத்து, வழுவழுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு வரும். அந்தக் கல்லை வெளியே காற்றில் போட்டு வைத்தால் கறுப்பு மெல்ல மறைந்துவிடும். அது இரும்பு சல்பைடு; ஆக்சிஜன் எட்டாத இடத்தில்தான் படியும்.

குட்டையில் பாசிக்கு உரமாவது கழிவிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும். செப்டிக் டேங்கிலிருந்து வரும் நைட்ரஜனில் பெரும்பகுதி அம்மோனியா. அதை நீக்க இரண்டு வகை பாக்டீரியாக்கள் வேண்டும். முதல் வகை அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும்; 1 கிராம் நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் கேட்கும். இரண்டாம் வகை, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நைட்ரேட்டிலிருந்தே அதைப் பறித்துக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாக வெளியேற்றும். உங்கள் படுகை இரண்டாம் வகைக்கு அருமையான இடம். ஆனால் அங்கே நைட்ரேட் வந்து சேர்வதே இல்லை. அம்மோனியா அப்படியே கடந்து போகிறது. அதற்கு நிறமில்லை என்பதால் நீரைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. செடிகள் உறிஞ்சுவது, இவ்வளவு கழிவு வரும் சிறு படுகையில், பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது.

இப்போதுள்ள படுகையை அப்படியே விட்டுவிட்டு, அதை அடுத்து இன்னொன்று அமையுங்கள். ஆளுக்கு 1 முதல் 2 சதுர மீட்டர்; அடியில் பெரிய ஜல்லியும் துளையிட்ட குழாயும், மேலே பருமணல். நீர் மேலிருந்து கீழே இறங்க வேண்டும். முக்கியமானது, எந்நேரமும் ஒழுகவிடக் கூடாது. சிறு பம்பும் டைமரும் வைத்து நாளுக்கு நான்கைந்து முறை மொத்தமாகக் கொட்டுங்கள். ஒவ்வொரு முறையும் நீர் முழுதாக வடிந்தால்தான் மணல் இடுக்குகளில் காற்று புகும். வெளிவரும் நீரில் பாதியைப் பழைய படுகையின் தலைப்புக்கே திருப்பிவிடுங்கள். அங்கே புதுக் கழிவின் கரிமப்பொருளும் நைட்ரேட்டும் சந்திக்கும். இரண்டாம் வகை பாக்டீரியாக்களுக்கு இரண்டுமே தேவை. இரு வகைப் படுகைகளை இணைப்பது புதிதல்ல. செடிப் படுகையில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் துறையை ஜெர்மனியில் 1950களில் தொடங்கிவைத்த விஞ்ஞானி கேட்டே சைடல், மேலிருந்து இறங்கும் படுகைகளையும் கிடையாக ஓடும் படுகைகளையும் அடுத்தடுத்து வைத்தே தம் முறையை வளர்த்தார்.

பாஸ்பரஸ் கதை வேறு. அது வாயுவாகப் போகாது. முதல் சில மாதங்கள் ஜல்லி கொஞ்சம் பிடித்துவைக்கும். பிறகு இடம் நிறைந்துவிடும். செங்கல் சில்லு, செம்புரைக்கல் ஆகியவற்றில் இரும்பு இருப்பதால் கூடுதலாகப் பிடிக்கும். அவற்றையும் ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். அதனால் படுகையைக் கடந்த நீரை வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சுவதே சரி என்பேன். குட்டையைப் பாசியாக்கிய அதே சத்துக்கு நாம் கடையில் காசு கொடுக்கிறோம். நோய்க்கிருமிகள் முழுதாக நீங்கியிருக்காது. பச்சையாகத் தின்னும் காய், கீரைக்கு மட்டும் வேண்டாம்.

குட்டைக்குப் போகும் குழாயை இன்றே அடைத்துவிடுங்கள். பாசி மிகுந்த நீரில் பிற்பகலில் காரத்தன்மை ஏறும். அப்போது அம்மோனியா மீன்களுக்கு நஞ்சாகும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவித்தால், இரவில் பாசி ஆக்சிஜனையும் தீர்த்துவிட்டது என்று பொருள். அன்று தீவனம் போடாமல், நல்ல நீரைப் பாய்ச்சுங்கள்.