ஹாலிவுட் நிர்வாகிகளில் யாருடைய பணிவாழ்க்கை உங்களுக்கு வியப்பாக இருக்கிறது?

பாரி டில்லர். நடிகரும் இல்லை, இயக்குநரும் இல்லை. அதனால் நம்மில் பலருக்குப் பெயர் தெரிந்திருக்காது.

கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் தொடங்கி ஸ்டூடியோ தலைவர் ஆனவர் என்று சொன்னால் ஏழைப் பையன் கதை போல இருக்கும். அப்படியில்லை. பெவர்லி ஹில்ஸில் வளர்ந்தவர். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, நடிகர் டேனி தாமஸின் சிபாரிசில், நடிகர்களுக்காக ஒப்பந்தம் பேசித்தரும் வில்லியம் மோரிஸ் ஏஜென்சிக்குப் போனார். கூட இருந்த பையன்கள் எப்போது ஏஜென்ட் ஆவோம் என்று துடித்துக்கொண்டிருக்க, இவர் ஃபைல் ரூமில் உட்கார்ந்து பழைய ஒப்பந்தங்களையும் கடிதங்களையும் படித்துத் தள்ளினார். யாருக்கு எவ்வளவு, எந்த நிபந்தனையில் என்று தொழிலின் வரலாறே அங்கே இருந்தது.

அப்புறம் ஏபிசி. அமெரிக்காவில் அன்றைக்கு இருந்த மூன்று பெரிய டிவி நெட்வொர்க்குகளில் அதுதான் கடைசி. கடைசியில் இருப்பவர்களுக்குச் சோதனை செய்து பார்க்கும் துணிச்சல் தானாக வரும். தியேட்டரில் ஓடிய படங்களை ஸ்டூடியோக்களிடம் வாங்கி ஒளிபரப்புவதுதான் அப்போது வழக்கம். டிவிக்கென்றே வாரம் ஒரு படம் எடுத்தால் என்ன என்று 1969ல் தொடங்கினார். விளம்பரத்தோடு சேர்த்து ஒன்றரை மணி நேரம். லாரி ஒன்று காரைத் துரத்துமே, ‘டூயல்’, அது 1971ல் இந்த வரிசையில் வந்ததுதான். அப்போது அதை இயக்கிய ஸ்பீல்பெர்க்குக்கு வயது 24.

1974ல், 32 வயதில், பாராமவுண்ட் ஸ்டூடியோவின் தலைவர். பத்து வருடம் அங்கே. அவரிடம் வேலை பார்த்த ஐஸ்னரும் காட்சன்பெர்க்கும் பிறகு டிஸ்னியை நடத்தினார்கள். டில்லர் சத்தம் போட்டுச் சண்டை பிடித்துத்தான் முடிவெடுப்பாராம். எனக்கு அப்படிப்பட்ட மேலாளர் வேண்டவே வேண்டாம்! 1984ல் ஃபாக்ஸ் ஸ்டூடியோவுக்கு மாறினார். முதலாளியாகப் பத்திரிகை அதிபர் ரூபர்ட் மர்டாக் வந்த பிறகு, 1986ல் ஃபாக்ஸ் பெயரிலேயே நான்காவது டிவி நெட்வொர்க்கைத் தொடங்கினார். ‘தி சிம்ப்ஸன்ஸ்’ அங்கே வளர்ந்த கார்ட்டூன் தொடர்.

இதுவரை கெட்டிக்கார நிர்வாகி, அவ்வளவுதான். நான் வியப்பது 1992ஐ. வயது 50. ஃபாக்ஸில் சம்பளம் போதாது, உரிமையில் பங்கு வேண்டும் என்று நினைத்தார். அது மர்டாக்கின் குடும்பக் கம்பெனி, கிடைக்காது. சரி என்று கிளம்பிவிட்டார்.

கிளம்பி வாங்கியது ஸ்டூடியோவை இல்லை, பென்சில்வேனியாவில் டிவி வழியாக நகையும் துணியும் விற்றுக்கொண்டிருந்த கியூவிசி என்ற ஷாப்பிங் சேனலில் ஒரு பங்கு. 2.5 கோடி டாலர் போட்டார். அந்தச் சேனலைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது ஆடை வடிவமைப்பாளர் டயான் வான் ஃபர்ஸ்டன்பர்க். பின்னாளில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். பொருள் திரையில் வந்ததும் ஃபோன் அழைப்புகள் குபுகுபுவென்று ஏறுவதை அங்கே பார்த்திருக்கிறார். கதை சொல்ல மட்டும் பயன்பட்ட திரையில் மக்கள் திருப்பிப் பதில் சொல்கிறார்கள்! பயணத்துக்கு எக்ஸ்பீடியா, நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு டிக்கெட்மாஸ்டர், துணை தேட மேட்ச் என்று அவர் பின்னால் இணையத்தில் சேர்த்ததற்கெல்லாம் விதை அந்தக் காட்சிதான்.

அந்தக் கியூவிசியை வைத்துக்கொண்டே, முன்பு சம்பளத்துக்கு இருந்த பாராமவுண்டையே விலைக்குக் கேட்டார். மாதக்கணக்கில் ஏலப் போட்டி, விலை சுமார் 1,000 கோடி டாலர் வரை ஏறியது. 1994 பிப்ரவரியில் வயாகாம் என்ற ஊடகக் கம்பெனியின் தலைவர் ரெட்ஸ்டோன் தட்டிக்கொண்டு போனார். டில்லரின் அறிக்கை ஒரே வரி: “அவர்கள் ஜெயித்தார்கள். நாங்கள் தோற்றோம். அடுத்தது.”