நேட்டிவ் ஸ்பீக்கர் வகுப்புக்கு 54,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். மெயில் நன்றாக எழுதுவேன். ஆனால் ஜெர்மனி, ஸ்பெயின் பையர்கள் வீடியோ காலில் வந்தால் பேச்சு வருவதில்லை. இங்கிலாந்து, அமெரிக்க ஆசிரியர்களே நேரடியாகப் பாடம் எடுப்பார்கள் என்று ஒரு ஆன்லைன் நிறுவனம் ஆறு மாத ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு 54,000 ரூபாய் கேட்கிறது. தவணையும் உண்டாம். வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், ஒரு குழுவில் 12 பேர். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆங்கில டீச்சர் ஒருவர் மாதம் 2,500 ரூபாய்க்குச் சொல்லித் தருகிறார். நம்மூர்க்காரரிடம் படித்தால் நம்மூர் இங்கிலீஷ்தான் வரும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். எதில் சேரலாம்?

பதில்: உங்கள் தெரு டீச்சரிடம் சேருங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். மாணவர்களைப் பேச விடுகிறாரா, அவரே தடங்கலில்லாமல் பேசுகிறாரா, இல்லை ஒரு மணி நேரமும் தமிழில் இலக்கணம் நடத்துகிறாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும். தமிழில் இலக்கணம்தான் நடத்துகிறார் என்றால் அவரும் வேண்டாம், வேறு ஆளைத் தேடுங்கள்.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மணி நேரத்தை 12 பேர் பங்கு போட்டால், ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். வாரத்துக்கு 15 நிமிடம், 26 வாரத்தில் ஆறரை மணி நேரம். நீங்கள் வாய் திறந்து பேசும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 8,300 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறீர்கள். பேச்சுப் பழக்கம் வாங்கப் போகிறவர் பார்க்க வேண்டிய விலை இதுதான். விளம்பரத்தில் சொல்லும் மொத்தத் தொகை உங்களுக்கு எதையும் சொல்லாது.

ஆங்கிலம் தாய்மொழி என்பது ஒரு ஆசிரியத் தகுதி அல்ல. தமிழ் பேசும் எல்லோராலும் தமிழ் சொல்லிக் கொடுக்க முடிகிறதா? ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்குக் கேம்பிரிட்ஜ் தரும் செல்டா என்ற சான்றிதழுக்குக் குறைந்தது 120 மணி நேரப் பயிற்சியும், உண்மையான மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் பாடம் எடுத்துக் காட்டுவதும் வேண்டும். அப்படி ஏதாவது பயிற்சி பெற்றவரா என்று அந்த நிறுவனத்தைக் கேளுங்கள். "நேட்டிவ் ஸ்பீக்கர்" என்று மட்டுமே பதில் வந்தால் பணத்தை எடுக்காதீர்கள். தாய்மொழிக்காரர்தான் சிறந்த ஆசிரியர் என்ற நம்பிக்கையை மொழியியலாளர் ராபர்ட் ஃபிலிப்சன் 1992இலேயே ஒரு மாயை என்றார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு அமெரிக்காவில் பேராசிரியரான சுரேஷ் கனகராஜாவும் இந்த நம்பிக்கையை எதிர்த்து எழுதியிருக்கிறார். நம்மவரின் இந்தக் குரலை ஆங்கில ஆசிரியர்கள் உலகமே மதிக்கிறது. நம் ஊர் விளம்பரங்களுக்குத்தான் அது இன்னும் எட்டவில்லை என்பது எனக்கு வருத்தம்.

தமிழ் தெரிந்த டீச்சருக்கு ஒரு பெரிய பலம் உண்டு. "ரெண்டு வருஷமா இங்க வேலை பார்க்கிறேன்" என்று மனதில் ஓடுவதை நீங்கள் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்" என்று சொல்வீர்கள். வெளிநாட்டு ஆசிரியர் அந்த வாக்கியத்தை "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்" என்று திருத்துவார். தமிழ் தெரிந்தவருக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும், அதே வேரிலிருந்து வரும் மற்ற பத்துத் தவறுகளையும் சேர்த்துப் பிடிப்பார்.

அப்புறம் உங்கள் பையர்களும் உங்களைப் போலவே பள்ளியில் ஆங்கிலம் படித்தவர்கள்தான். லேப் டிப் (சாயம் போட்ட துணி மாதிரி) ஏன் தள்ளிப்போனது, ஷிப்மென்ட் எப்போது கிளம்பும், அந்த விலை ஏன் கட்டுப்படியாகாது என்பதையெல்லாம் தெளிவாகச் சொல்ல வந்தால் போதும். இவற்றையே வகுப்பில் பேசிப் பழக வேண்டும் என்று டீச்சரிடம் கேளுங்கள். நாலைந்து மாதம் கழித்து வெவ்வேறு உச்சரிப்புகளுக்குக் காது பழக வேண்டுமென்றால் ஐடாக்கி (italki), ப்ரெப்ளி (Preply) போன்ற ஆன்லைன் தளங்களில் தனி வகுப்பு எடுக்கலாம். அங்கே ஒவ்வொரு ஆசிரியரும் தன் கட்டணத்தைத் தானே வைக்கிறார், ஆறு மாதத்துக்குக் கட்ட வேண்டியதில்லை. ஸ்பெயின்காரர் ஒருவரிடமே ஆங்கிலம் பேசிப் பழகலாம், உங்களுக்கு அதுதான் நேரடிப் பயன்.

அந்தத் தவணை விஷயத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். பல இடங்களில் அது தவணையே அல்ல, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி உங்கள் பெயரில் தரும் கடன். வகுப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது, கட்டாவிட்டால் சிபில் (வங்கிகள் பார்க்கும் உங்கள் கடன் மதிப்பெண்) கெடும். என்ன என்று தெரியாமல் ஓடிபி சொல்லாதீர்கள். 54,000 என்பது ஜிஎஸ்டி சேர்த்தா என்றும் கேளுங்கள், 18 சதவீதம் தனி என்றால் 63,720 ஆகிவிடும். இடையில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆசிரியர் தகுதி, கட்டணம் பற்றிக் கோச்சிங் மையங்கள் பொய் விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. யாராவது ஏற்கெனவே கட்டி ஏமாந்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: நர்ஸாக இருக்கும் என் மகள் இங்கிலாந்து வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிறாள். பிரிட்டிஷ் உச்சரிப்பு இல்லாவிட்டால் ஸ்பீக்கிங்கில் மதிப்பெண் போகும் என்று ஒரு மையம் ஆக்சென்ட் பயிற்சிக்குத் தனியாகப் பணம் கேட்கிறது. தேவையா?

பதில்: தேவையில்லை. ஸ்பீக்கிங் தேர்வு 11 முதல் 14 நிமிடம். தொடர்ந்து பேசும் திறன், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சம மதிப்பெண். உச்சரிப்பில் பார்ப்பது கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா என்பதைத்தான், எந்த ஊர்க்காரர் போலப் பேசுகிறார் என்பதை அல்ல. அந்தப் பணத்தை ரைட்டிங்குக்குச் செலவிடுங்கள். இங்கிலாந்து நர்சிங் கவுன்சில் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7 கேட்கிறது, ரைட்டிங்கில் 6.5. கட்டுரையை வாங்கி, வரிக்கு வரி திருத்தித் தருகிற ஆசிரியர் கிடைத்தால் அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சேர்த்துவிடுங்கள். மருத்துவத் துறையினருக்கென்றே உள்ள ஓஇடி தேர்வையும் அந்தக் கவுன்சில் ஏற்கிறது. பணம் கட்டுவதற்கு முன் இரண்டிலும் ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.