மகளை பி.எட். சேர்க்கலாமா என்று கேட்ட தோவாளை அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, போன வாரம் நீங்கள் கேட்டுவிட்டுப் போன கேள்வி மனதிலேயே நிற்கிறது. "மக கணக்குல நல்லா வாறா. டீச்சராகணும்னு நிக்கா. இப்ப போன்ல கேட்டா அதுவே எல்லாஞ் சொல்லிக் குடுக்கு. இனி டீச்சருக்கு என்ன வேல இருக்கும்?" அன்று வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். விவரமாக இப்போது எழுதுகிறேன். பிள்ளையிடமும் வாசிக்கக் கொடுங்கள்.

பி.எட். சேர்த்துவிடுங்கள். ஆனால் நாம் படித்த காலத்து டீச்சர் வேலை என்று நினைத்துச் சேர்க்காதீர்கள். விடை சொல்லிக் கொடுக்கும் வேலை குறைந்துகொண்டு வருகிறது. அந்த விடை பிள்ளைக்கு எப்படி வந்தது என்று பார்க்கிற வேலை கூடிக்கொண்டு வருகிறது.

கேட்டதற்கெல்லாம் விடை எழுதித் தருகிற சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவு வெளிவந்தது 2022 நவம்பர் 30-ல். அதன் பிறகு வீட்டுப்பாட நோட்டை நம்ப முடியவில்லை என்று எத்தனையோ ஆசிரியர்கள் என்னிடம் சொல்லிவிட்டார்கள். தக்கலைப் பக்கம் ஒரு டீச்சர், பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை எழுதிவரச் சொன்னார். பல நோட்டுகளில் ஒரே வரி: 'இந்த அரண்மனை கேரள மாநிலத்தில் அமைந்துள்ளது.' எழுதிய பிள்ளைகளில் சிலருக்கு வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் அரண்மனை! டீச்சர் திட்டவில்லை. "உங்க வீடு எந்த மாநிலம் மக்களே?" என்று மட்டும் கேட்டார். வகுப்பே சிரித்தது. பிறகு, போன் ஏன் அப்படிச் சொன்னது என்று கண்டுபிடித்து வாருங்கள் என்றார். ஒருத்தி தாத்தாவிடம் கேட்டாள், இன்னொருவன் வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு வந்தான். 1956 நவம்பர் 1-ல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அரண்மனையைப் பராமரிப்பது மட்டும் இன்றும் கேரள அரசின் தொல்லியல் துறை என்ற செய்தி அப்படித்தான் வகுப்புக்குள் வந்தது. ஒரு தப்பான வரியை வைத்து அந்த டீச்சர் இரண்டு பாடவேளை நடத்திவிட்டார். உங்கள் மகள் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை அதுதான்.

கணக்கிலும் இதே கதைதான். வினாவைப் படம் பிடித்துப் போட்டால் போதும், படிப்படியாக விடை வந்துவிடும். நோட்டில் எல்லாம் சரியாக இருக்கும். பிள்ளையைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு x² − 5x + 6 = 0 என்று எழுதி, "நடுவில இருக்க −5-ஐ எப்படிப் பிரிச்ச?" என்று கேட்டால் சாக்பீஸ் அப்படியே நின்றுவிடும். பெருக்கினால் 6, கூட்டினால் −5, அப்படியானால் −2, −3 என்று அவன் வாயாலேயே வரவைக்க நேரில் ஒரு ஆள் வேண்டும். அவன் எந்த இடத்தில் தடுக்கினான் என்பது முகத்தைப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண்ணைக் குறைத்து, வாய்மொழியாகக் கேட்பதைக் கூட்டிய ஆசிரியர்கள்தான் இன்று ஓரளவு நிம்மதியாக இருக்கிறார்கள்.

அவள் செயற்கை நுண்ணறிவைத் தொடவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு பயிற்சித்தாள், வேகமாகப் படிக்கிறவனுக்கு இன்னொன்று என்று தயாரிக்க நல்ல உதவி அது. விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் பேசுகிற பிள்ளைக்கு ஒரு சொல்லை மலையாளத்தில் விளக்கவும் உதவும். வந்ததைப் பாடநூலோடு ஒத்துப்பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டு போகக் கூடாது, அவ்வளவுதான். பிள்ளைகளின் பெயரையும் மதிப்பெண்ணையும் அதில் ஏற்றவே கூடாது. சின்னப் பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கும் அவசரம் இல்லை. வகுப்பில் பயன்படுத்த 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று யுனெஸ்கோ 2023-லேயே சொல்லியிருக்கிறது.

எனக்கு அதிகக் கவலை வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் பற்றித்தான். மழைக்காலம் வந்தால் 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்று ஆட்சியர் பெயரில் போன வருஷத்து அறிவிப்பு சுற்ற ஆரம்பித்துவிடும். அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, தேதி எங்கே, யார் வெளியிட்டது, எங்கே சரிபார்ப்பது என்று பிள்ளைகளையே கேட்கிற டீச்சர் அன்று நல்ல பாடம் நடத்தியவர். அதே டீச்சர் வகுப்பில் ரீல்ஸ் எடுத்துப் பிள்ளைகள் முகத்தோடு போட்டால் எனக்கு ஒப்பாது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களைக் குழந்தைகளாகவே கருதுகிறது, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. மாணவர்களோடு தனிக் கணக்கில் பேசாமல், வகுப்புக் குழுவைப் பெற்றோர் எண்களில் வைத்துக்கொள்ளும் பழக்கம் பயிற்சிக் காலத்திலேயே உங்கள் மகளுக்கு வரட்டும்.

இன்னொன்று. தூத்தூர் பக்கத்துப் பிள்ளைகளின் அப்பாக்கள் ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். 2017-ல் ஒக்கி புயல் வந்தபோது திரும்பாத படகுகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. அந்தக் கரையில் ஒரு பிள்ளை இன்று ஏன் எழுதாமல் உட்கார்ந்திருக்கிறது என்று எந்தச் செயலியும் கேட்காது. கேட்கிற டீச்சருக்கு எந்தக் காலத்திலும் வேலை உண்டு.

இனி காரியத்துக்கு வருவோம். பி.எட். இப்போது இரண்டு வருஷம். படிக்கும்போதே ஆசிரியர் தகுதித் தேர்வில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கான இரண்டாம் தாளுக்குத் தயாராகட்டும், 150 கேள்வி, 150 மதிப்பெண். தேறினால் மட்டும் அரசு வேலை வந்துவிடாது. அதற்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு தனியாக இருக்கிறது. எம்.எஸ்சி.யும் முடித்தால் முதுகலை ஆசிரியர் தேர்வும் எழுதலாம். சிபிஎஸ்இ பள்ளிகளில் 2019 முதல் ஒன்பதாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவு ஒரு விருப்பப் பாடமாக இருக்கிறது. நிகழ்தகவும் புள்ளியியலும் கைவந்த கணக்கு டீச்சருக்கு அது பக்கத்து வீடு மாதிரி.

பணம் கொடுத்து வேலை வாங்கலாமா என்று நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தனியார் நிர்வாகம் நடத்துகிற பள்ளியில் லட்சக்கணக்கில் பேசி டீச்சர் வேலை வாங்க வேண்டாம். பணியில் இருக்கும் ஆசிரியர்களும், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தால், தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வின் முடிவுக்கு அனுப்பியது. அப்படி இருக்க, பூ விற்றுச் சேர்த்த காசை யாரோ ஒருவர் வாய்வார்த்தையை நம்பிக் கொடுப்பதை என்னால் ஏற்கவே முடியாது. அந்தப் பணத்தில் எம்.எஸ்சி.யே படிக்க வைத்துவிடலாம்.

ஒரு வேலை மட்டும் உடனே செய்யச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளையை ஒரு மாதம் சாயங்காலம் கூப்பிட்டு வைத்து, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கணக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். போன் எங்கே உதவியது, எங்கே குழப்பியது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். அடுத்த மாதம் சந்தை முடிந்து வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மதிப்பெண் பட்டியலோடு அந்த நோட்டையும் நான் பார்க்க வேண்டும்.