கொரோனாவுக்குப் பிறகு வளரும் நாடுகளின் பொருளாதாரம் உண்மையிலேயே மீண்டுவிட்டதா?

இந்தியா மாதிரி நாடுகள் கொரோனா அடியிலிருந்து எழுந்துவிட்டன என்கிறார்கள், அப்புறம் ஏன் சிறுதொழில்காரர்கள் இன்னும் புலம்புகிறார்கள், அரசுகள் எங்கே கோட்டை விட்டன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. திருப்பூரில் பவர் டேபிள், அதாவது மோட்டார் தையல் மெஷின், போட்டு ஜாப் வொர்க் எடுப்பவன். கம்பெனியிலிருந்து வெட்டின துணி வரும், தைத்துக் கொடுப்போம், பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. 2020 மார்ச்சில் என்னிடம் 14 மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

மார்ச் 25 முதல் ஊரடங்கு. இங்கே சனிக்கிழமைதான் சம்பளம். முதல் சனிக்கிழமை முழுசாகக் கொடுத்தேன், அடுத்தது பாதி, அதற்கடுத்தது ஆளுக்குக் கொஞ்சம் அரிசி. ஒடிசாப் பையன்கள் ஆறு பேர் மே மாதம் சிறப்பு ரயிலில் ஊருக்குப் போனார்கள். நாலு பேர் திரும்பவே இல்லை.

அந்த மே மாதம்தான் மத்திய அரசு 20 லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் என்று அறிவித்தது. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் தலைக்குப் பதினைந்தாயிரம் வரும் என்று வகுத்தே போட்டுவிட்டார். எங்களுக்கு வந்தது பணமில்லை, கடன். 3 லட்சம் கோடிக்கான அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம். 2020 பிப்ரவரி 29 அன்று உங்களுக்கு எவ்வளவு கடன் பாக்கியோ அதில் 20 சதவீதம் புதிதாகத் தருவார்கள். ஈடு வேண்டாம், அரசே ஜாமீன். பாங்கு வட்டி 9.25 சதவீதத்தைத் தாண்டாது, முதல் வருடம் அசல் கட்ட வேண்டாம். எனக்குப் பாக்கி 12 லட்சம், 2.40 லட்சம் கிடைத்தது. பொய் சொல்லக் கூடாது, அது வரவில்லையென்றால் அன்றைக்கே ஷட்டரை இறக்கியிருப்பேன்.

ஆனால் பக்கத்துச் சந்தில் ஒரு அண்ணன் எட்டு மெஷின் வைத்திருந்தார். பாங்கில் பைசாக் கடன் கிடையாது, அதில் அவருக்குப் பெருமை வேறு. மெஷின் வாங்கியது வீட்டு நகையை அடகு வைத்து, தொழிலை ஓட்டியது சீட்டுப் பணத்தில். அவரும் பாங்குக்குப் போனார், நானும் கூடப் போனேன்.

"பழைய கடன் எவ்வளவுங்க இருக்கு?"

"கடனே இல்லைங்க."

"அப்ப இந்தத் திட்டத்துல வராதுங்க."

பூஜ்யத்தில் 20 சதவீதம் பூஜ்யம்தானே. பாங்குக்காரரைக் குறை சொல்ல முடியாது, விதி அப்படி. செப்டம்பருக்குள் அண்ணன் ஐந்து மெஷினைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்.

வளரும் நாடுகளின் சிக்கலே இங்கேதான் இருக்கிறது என்பேன். காகிதத்தில் இருப்பவன் மட்டும்தான் அரசு கண்ணுக்குத் தெரிவான். ரேஷன் கார்டு என்ற பட்டியல் கையில் இருந்ததால் தமிழ்நாட்டில் 2020 ஏப்ரலிலேயே அரிசி கார்டுக்கு 1,000 ரூபாய் கைக்கு வந்து சேர்ந்தது. 2021-ல் இரண்டு தவணையாக 4,000. சந்துக்குள் எட்டு மெஷின் ஓட்டுபவருக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு தொடங்கியதே 2020 ஜூலையில்.

பிரேசில் வேறு வழியில் போனது. எங்கேயும் பதிவில்லாத கூலிக்காரர்களை மொபைல் ஆப்பில் பெயர் கொடுக்கச் சொல்லி, அந்த நாட்டுப் பணத்தில் மாதம் 600 ரெயால் கொடுத்தது. ஆறு கோடிக்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள், அந்த வருடம் அங்கே வறுமை குறைந்தது. ஆனால் அரசுக் கடன் ஜிடிபியில், அதாவது நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தி மதிப்பில், 85 சதவீதத்தைத் தாண்டியது. 2021-ல் பணவீக்கம் 10 சதவீதத்தைத் தொட, 2 சதவீதமாக இருந்த மத்திய வங்கி வட்டியை 2022-க்குள் 13.75 வரை ஏற்ற வேண்டி வந்தது. ஆக, கையில் காசு கொடுத்தாலும் விலை உண்டு. டாலரில் கடன் வாங்கியிருந்த நாடுகளுக்கு அந்த வாய்ப்புக்கூட இல்லை. 2020 நவம்பரில் ஜாம்பியா தவணை தவறியது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதையே நிறுத்தியது. இலங்கையில் கொரோனா ஒரு காரணம்தான். 2019 வரிக்குறைப்பும் 2021 ரசாயன உரத் தடையும் சேர்ந்துதான் கவிழ்த்தன.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி அவகாசம் கொடுத்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. வட்டிக்கு வட்டி போட்டதை, விஷயம் கோர்ட்டுக்குப் போன பிறகு, 2020 நவம்பரில் திருப்பிக் கொடுத்தார்கள். என் கணக்கில் ஏறியது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் சொச்சம். மெசேஜைப் பார்த்து வீட்டுக்காரி சிரித்தே விட்டாள்.

2021-22-ல் திருப்பூர் ஏற்றுமதி 33,000 கோடியைத் தாண்டியது. மீண்டுவிட்டோம் என்பவர்கள் காட்டுவது இந்த மாதிரி எண்ணைத்தான். அந்த 2021 நவம்பரில் நூல் விலை ஒரே தடவையில் கிலோவுக்கு 50 ரூபாய் ஏறியது. 2022 மே மாதம் 356 கிலோ பஞ்சுக் கண்டி ஒரு லட்சத்தைத் தாண்டியது. பஞ்சு இறக்குமதிக்கு 2021 பட்ஜெட்டில் வரி போட்டு, 2022 ஏப்ரலில் தற்காலிகமாக எடுத்தார்கள். அதற்குள் ஏற வேண்டியது ஏறியாகிவிட்டது. நூல் விலை ஜாப் வொர்க்காரனை நேராகத் தொடாது, சுற்றிக்கொண்டு வரும். கம்பெனிக்காரர் பணத்தை நூலில் போட்டுவிட்டு எங்கள் பில்லை மூன்று மாதம் தள்ளுவார். சனிக்கிழமை தள்ளிப்போகாதே.

என் அவசரக் கடன் ஒரு வருட அவகாசம் போக 36 தவணை, அசல் மட்டும் மாதம் 6,667 ரூபாய். 2024 ஜூலையில் முடித்தேன். நடுவில் ஐந்து மெஷினை விற்றிருந்தேன், இப்போது ஓடுவது ஒன்பது. அதில் ஒரு ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைப்பவர் அந்த அண்ணன்தான்.