தீபாவளிக் கடைவீதியும் கணக்குப் பாடமும்

வாசகர் கேள்வி பதில்

தீபாவளிக்குப் பொருள்கள் வாங்கும் வேளையை, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பிக்க எப்படிப் பயன்படுத்தலாம் என்று கேட்டு வந்த கடிதங்களில் ஆறு இங்கே இடம்பெறுகின்றன.

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் புத்தகத்தில் உள்ள சதவீதக் கணக்குகளைத் தவறில்லாமல் போடுகிறாள். ஆனால் துணிக்கடையில் ‘50% + 20% தள்ளுபடி’ என்ற பலகையைப் பார்த்தவுடன் எழுபது சதவீதம் குறையும் என்றாள். கடையில் வைத்தே இதை எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் மகளுக்குக் கணக்கு வராததால் இப்படி நேரவில்லை. சதவீதம் என்றால் ஏதோ ஒரு தொகையில் இத்தனை பங்கு என்பது அவள் மனத்தில் இன்னும் அழுத்தமாகப் பதியவில்லை, அவ்வளவுதான். எந்தத் தொகையில் கணக்கிட வேண்டும் என்பதைப் புத்தகத்தில் கேள்வியே சொல்லிவிடும். கடையிலோ அதை வாங்குபவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே பலகை எதைச் சொன்னாலும், ‘எதில் இத்தனை சதவீதம்?’ என்று கேட்கும் பழக்கத்தை அவளிடம் உண்டாக்குங்கள்.

முதலில் ஒரே ஒரு தள்ளுபடி மட்டும் உள்ள இடத்தில் தொடங்குவது எளிது. 1935இல் தொடங்கப்பட்ட நம் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்கு வழக்கமாக 30 சதவீதத் தள்ளுபடி தருகிறது. குறித்த விலை 2,400 ரூபாய் உள்ள சேலைக்கு 720 ரூபாயைக் கண்டுபிடித்துக் கழிப்பதைவிட, ‘நூற்றுக்கு எழுபது கொடுக்கிறோம்’ என்று எண்ணி, 24ஐ 70ஆல் பெருக்கி 1,680 என்று சொல்லிவிடுவது விரைவானது. தள்ளுபடி போக மிஞ்சுவது எவ்வளவு என்று பார்க்கும் இந்தப் பழக்கம் வந்துவிட்டால் அடுத்த படி தானாக வந்துவிடும்.

பிறகு அந்தப் பலகைக்கு வாருங்கள். சட்டையின் விலை 1,200 ரூபாய் என்றால் முதல் தள்ளுபடிக்குப் பின் 600 ரூபாய் நிற்கிறது. இரண்டாவது 20 சதவீதம் இந்த 600இல்தான் கணக்கிடப்படுகிறது. அது 120 ரூபாய். கொடுக்க வேண்டியது 480. எழுபது சதவீதமாக இருந்திருந்தால் 360 மட்டுமே கொடுத்திருப்போம். முதலில் 20 சதவீதத்தைக் கழித்துவிட்டு அதற்குப் பின் பாதியாக்கினால் என்ன வரும் என்று அவளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் 480தான் வரும் என்பதை அவளே கண்டுபிடிக்கும்போது, பெருக்கலில் வரிசை மாறினாலும் விடை மாறாது என்று வகுப்பில் படித்தது இங்கே வந்து உதவுவதைப் பார்ப்பாள்.

‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதையும் விட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒரே விலை என்றால்தான் அது பாதி விலை. 900 ரூபாய்க்கு ஒன்றும் 600 ரூபாய்க்கு ஒன்றும் எடுத்தால், பெரும்பாலும் விலை குறைந்ததைத்தான் இலவசமாகத் தருவார்கள். அப்போது 1,500இல் 600 குறைகிறது, அதாவது 40 சதவீதம். ‘5,000 ரூபாய்க்கு வாங்கினால் 500 ரூபாய் தள்ளுபடி’ என்ற அறிவிப்பை ஏமாற்று என்று உடனே ஒதுக்கிவிடவும் வேண்டாம். பில் 4,300இல் நிற்கும்போது, எப்படியும் வாங்க இருந்த 700 ரூபாய்ப் பாவாடையைச் சேர்த்தால் கொடுப்பது 4,500. ஆக அந்தப் பாவாடைக்கு 200 ரூபாய்தான் கூடுதலாகச் செலவாகிறது. வேண்டாத பொருளை எடுத்தால் அந்த 200 ரூபாயும் வீண். இரண்டு நிலைமையையும் எடைபோட்டு முடிவு சொல்லும் பொறுப்பை ஒரு முறையாவது அவளிடம் கொடுங்கள். பிள்ளை சொன்ன முடிவுப்படி பணம் கொடுக்கப்படும்போதுதான் கணக்கு அவளுடையதாகிறது.

இன்னொன்று: சென்னை ரங்கநாதன் தெரு போன்ற நெரிசலில், பில் போடும் இடத்தில் நிறுத்தி வைத்து, ‘சீக்கிரம் சொல்’ என்று அவசரப்படுத்தாதீர்கள். கடையில் தோராயக் கணக்கு போதும். துல்லியமான கணக்கை வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு வாழ்வியல் கணிதம் நடத்துகிறேன். பண்டிகைக் கொள்முதலை வைத்துத் தள்ளுபடிப் பாடத்தை நடத்த ஆசை. ஆனால் என் மாணவர்கள் எல்லாருடைய வீட்டிலும் புத்தாடை வாங்குவார்கள் என்று சொல்ல முடியாது. யாருடைய மனமும் நோகாமல் இதைச் செய்ய வழி உண்டா?
– ஓர் ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ‘உங்கள் வீட்டில் என்ன வாங்கினீர்கள், எவ்வளவு ஆயிற்று?’ என்று தொடங்கும் பாடம், வாங்காத பிள்ளையை வகுப்பு முழுவதற்கும் காட்டிக்கொடுத்துவிடும். அதைத் தவிர்க்க நான் சொல்லும் வழி, பிள்ளைகளை வாங்குபவர் பக்கத்திலிருந்து எழுப்பி விற்பவர் பக்கத்தில் உட்கார வைப்பது. கடைக்காரராக இருப்பதற்கு யார் வீட்டிலும் பணம் தேவையில்லை.

வகுப்பை நான்கைந்து கடைகளாகப் பிரித்து இந்தக் கணக்கைக் கொடுங்கள்: ஒரு சுரிதாரின் அடக்க விலை 240 ரூபாய், 20 சதவீத இலாபம் வேண்டும், ஆனால் வாசலில் ‘40 சதவீதத் தள்ளுபடி’ என்று பலகை வைத்தாக வேண்டும், விலைச்சீட்டில் என்ன எழுதுவீர்கள்? பல பிள்ளைகள் இருபதையும் நாற்பதையும் கூட்டி, 240உடன் அதன் 60 சதவீதத்தைச் சேர்த்து 384 என்று எழுதுவார்கள். அந்த விலையில் 40 சதவீதத்தைக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 230 ரூபாய் 40 காசுதான் கைக்கு வரும், கடைக்கு நட்டம். இலாபம் அடக்க விலையில் கணக்கிடப்படுகிறது, தள்ளுபடி குறித்த விலையில் கணக்கிடப்படுகிறது, இரண்டுக்கும் அடிப்படை வேறு என்பது அங்கே விளங்கும். விற்ற விலை 288 ஆக வேண்டும்; அது குறித்த விலையில் 60 சதவீதம்; ஆகவே குறித்த விலை 480. இந்தக் கணக்கைத் தாமே போட்ட பிள்ளைகள் அதற்குப் பிறகு தள்ளுபடிப் பலகையை வேறு கண்ணால்தான் பார்ப்பார்கள்.

உங்கள் மாவட்டத்துக்கே உரிய பாடம் ஒன்றும் இருக்கிறது. சிவகாசிப் பட்டாசுக் கடைகளின் விலைப்பட்டியல்களில் 80, 90 சதவீதத் தள்ளுபடி என்று அச்சிட்டிருப்பதைப் பிள்ளைகள் சிறு வயது முதலே பார்க்கிறார்கள். ஒரு கடையின் பட்டியலில் புஸ்வாணப் பெட்டி 900 ரூபாய், தள்ளுபடி 90 சதவீதம். இன்னொரு கடையில் அதே பெட்டி 400 ரூபாய், தள்ளுபடி 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கடையில் 90 ரூபாய், இரண்டாவது கடையில் 80 ரூபாய். தள்ளுபடி கூடிய கடையில்தான் விலையும் கூடுதல். பட்டியல் விலையை அச்சிடுபவரும் தள்ளுபடியை அறிவிப்பவரும் ஒருவரே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கை நான் பார்த்ததில்லை.

போனஸையும் வகுப்புக்குக் கொண்டுவரலாம். தமிழக அரசின் பொதுத்துறை நிறுவனங்களில் பணியாற்றும் சி, டி பிரிவுத் தொழிலாளர்களுக்கு அண்மை ஆண்டுகளில் போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம், அதிகபட்சம் 16,800 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. மாதம் 30,000 ரூபாய் வாங்கும் ஒருவரின் ஆண்டுச் சம்பளம் 3,60,000; அதில் 20 சதவீதம் 72,000 ஆயிற்றே, ஏன் 16,800 மட்டும் என்று கேளுங்கள். போனஸ் கணக்கிடுவதற்கு மாதச் சம்பளம் 7,000 ரூபாய் என்ற உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு 84,000. அதில் 20 சதவீதம்தான் 16,800. அவருடைய உண்மையான ஆண்டுச் சம்பளத்தில் இது ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. சட்டம் குறைந்தபட்ச போனஸாக வகுத்த 8.33 சதவீதம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டுப் பாருங்கள். நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்க்கும் பிள்ளை, அது ஒரு மாதச் சம்பளம் என்று உடனே சொல்லிவிடும்.

கேள்வி: கடை பில்லில் மொத்தம் 1,050 ரூபாய், ஜி.எஸ்.டி. 5 சதவீதம். என் மகன் கணக்குப் போட்டு வரி 52 ரூபாய் 50 காசு என்கிறான். பில்லில் சி.ஜி.எஸ்.டி. 25, எஸ்.ஜி.எஸ்.டி. 25 என்று 50 ரூபாய்தான் இருக்கிறது. யார் கணக்கு சரி?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பில்தான் சரி. 1,050 என்பது வரியையும் உள்ளடக்கிய தொகை; வரி கணக்கிடப்படுவது அதற்கு முந்தைய விலையில். நூறு ரூபாய்ப் பொருள் வரியோடு 105 ஆகிறது என்பதால், 1,050ஐ 105ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 1,000 கிடைக்கும். அதன் 5 சதவீதம் 50. அதில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. உங்கள் மகனுக்கு 5 சதவீதம் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்கிறது. பின்னோக்கிப் போகும் கணக்கைத்தான் இனிக் கற்றுக்கொடுக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் நான்கு பில்கள் அதற்குப் போதும்.

பழைய பில்லை எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஆயத்த ஆடைகளுக்கு 22.9.2025 முதல் வரி மாறியிருக்கிறது. ஓர் உருப்படியின் விலை 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். அதற்கு முன்பு 1,000 ரூபாய் வரை 5 சதவீதமும் அதற்கு மேல் 12 சதவீதமும் இருந்தன. வரிக்கு முன் 2,500 ரூபாய் உள்ள உடைக்கு 2,625 ரூபாய் கொடுக்கிறோம். 2,600 ரூபாய் உள்ளதற்கு 3,068 கொடுக்கிறோம். விலையில் வேறுபாடு 100, கொடுப்பதில் வேறுபாடு 443. மகனுக்கு இது நல்ல கணக்கு. வாங்கும்போது உங்களுக்கும் பயன்படும்.

கேள்வி: கைப்பேசியில் கால்குலேட்டர் இருக்கும்போது பிள்ளைகளை ஏன் மனக்கணக்குப் போடச் சொல்லி வருத்த வேண்டும் என்கிறார் என் மருமகள். தங்கள் கருத்து என்ன?
– ஒரு தாத்தா, காரைக்குடி

பதில்: கால்குலேட்டரைத் தடுக்க வேண்டாம். ஆனால் விசையைத் தொடும் முன் தோராயமான விடையைப் பேரன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று வீட்டில் ஒரு வழக்கம் வையுங்கள். 1,985 ரூபாயில் 15 சதவீதம் என்றால், 2,000இல் பத்துக்கு 200, ஐந்துக்கு 100, ஆக 300க்குச் சற்றுக் குறைவு. கைப்பேசி 297.75 என்று காட்டினால் நம்பலாம். புள்ளி மாறி 2,977 என்று காட்டினால் அவனே திருத்திக்கொள்வான்.

கேள்வி: என் மகன் ஆறாம் வகுப்பு. சதவீதம் இன்னும் பிடிபடவில்லை. அவனுக்கு ஏதாவது வேலை கொடுக்க முடியுமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாக. பலகாரத்துக்கான மளிகையை அவனிடம் ஒப்படையுங்கள். கடலை எண்ணெய் ஒரு லிட்டர் பாக்கெட் 190 ரூபாய், ஒரு கிலோ டின் 200 ரூபாய் என்றால் எது மலிவு என்று கேளுங்கள். லிட்டரும் கிலோவும் ஒன்று என்று நினைத்து 190ஐத்தான் காட்டுவான். பாக்கெட்டின் மேல் உள்ள எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை 910 கிராம் அளவில்தான் இருக்கும். 910 கிராமுக்கு 190 என்றால் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 209 ரூபாய் ஆகிறது. ஆகவே டின்தான் மலிவு. ஒரே அலகில் அளக்கும் பொட்டலங்களை ஒப்பிடும்போது, அவற்றின் மேல் அச்சிட்டிருக்கும் அலகு விலையைப் பார்த்துத் தன் விடையை அவனே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இனிப்புக் கடையிலும் அவனைத் தராசின் பக்கத்தில் நிறுத்துங்கள். கிலோ 600 ரூபாய் மைசூர்பாகை 60 கிராம் எடையுள்ள அட்டைப் பெட்டியோடு சேர்த்து நிறுத்தால், அந்த அட்டைக்கு 36 ரூபாய் கொடுக்கிறோம். நிகர எடை என்பது பெட்டியின் எடை நீங்கலானது. வெறும் பெட்டியை முதலில் வைத்துத் தராசைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரும்படி அவனே பணிவாகக் கேட்கலாம்.

கேள்வி: இந்தத் தீபாவளிக்கு ஒரு சவரனில் சங்கிலி வாங்க எண்ணியிருக்கிறோம். எட்டாம் வகுப்பு மகனை நகைக்கடைக்கு அழைத்துப்போனால் அவனுக்கு ஏதாவது புரியுமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நன்றாகவே புரியும். விலை நாளுக்கு நாள் மாறுவதால், கணக்குக்காகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்து வீட்டிலேயே ஒரு முறை போட்டுப் பார்க்கச் செய்யுங்கள். சவரன் 8 கிராம். சேதாரம் 12 சதவீதம் என்றால் 8.96 கிராமுக்கு, அதாவது 89,600 ரூபாய்க்கு விலை வைக்கிறார்கள். அதன் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. 2,688, மொத்தம் 92,288. சேதாரத்தை 10 சதவீதமாகக் குறைத்துக் கேட்டு வாங்கினால் 90,640. 80,000 ரூபாய்த் தங்க விலையில் இரண்டு சதவீதம் 1,600தானே, 1,648 எப்படி மிச்சமாயிற்று என்று அவனைக் கேளுங்கள். சேதாரத்துக்கும் சேர்த்துத்தான் வரி போடுகிறார்கள் என்பதை அவன் கண்டுபிடிக்க வேண்டும்.

நகையில் உள்ள 916 முத்திரையையும் காட்டுங்கள். ஆயிரம் பங்கில் 916 பங்கு தூய தங்கம். 24இல் 22 பங்கு (22 காரட்) என்ற பின்னத்தைத் தசமமாக்கினால் வருவது அதுதான். எட்டு கிராமில் தூய தங்கம் 7.33 கிராம் அளவு. முத்திரையோடு, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு குறிகள் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. என்ற தனி அடையாளக் குறியீடும் இருக்க வேண்டும்; 1.4.2023 முதல் அது கட்டாயம்.

கல் பதித்த நகையாக இருந்தால் மொத்த எடை, கல்லின் எடை, தங்கத்தின் நிகர எடை மூன்றையும் பில்லில் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். சேதாரத்தை இவற்றில் எந்த எடைக்குக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று, பணம் கட்டுவதற்கு முன் மகனே கடைக்காரரைக் கேட்கட்டும்.